முதியோர் குடியிருப்பில் ஒரு தொற்றுக்காலம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்போது 81 வயது. கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் சந்திக்காமல், சொன்னதையெல்லாம் அப்படியே கடைப்பிடித்தவர். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சளி இல்லை. ஆனாலும் அவருக்குத் தொற்று வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, வெளிநாட்டிலிருந்து தினமும் போனில் பேசிய மகனும் இல்லை. வாசலில் கேரியரை வைத்துவிட்டுப் போகும் சமையலறைப் பெண்தான். "அம்மா இரண்டு நாளாக ரசம் சாதத்தைக்கூடத் தொடவில்லை, கேரியர் அப்படியே திரும்பி வருகிறது" என்று அவள் நர்ஸிடம் போய்ச் சொன்னாள். நர்ஸ் விரலில் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது ஆக்ஸிஜன் அளவு 88 காட்டியது. உடனே ஆம்புலன்ஸ் வந்தது. 12 நாள் கழித்து அந்த அம்மா வீடு திரும்பினார்.

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பல வந்துவிட்டன. புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்களைப் போன்ற பழையவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "மறுபடியும் அப்படி ஒரு நோய் வந்தால் இங்கே எப்படிச் சமாளிப்பது?" என்பது. கதவைச் சாத்துவது பாதி வேலைதான் என்பேன். சாத்திய கதவுக்குள் என்ன நடக்கிறது என்று தினமும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஏற்பாட்டை, நோய் எதுவும் இல்லாத இந்த அமைதியான நாட்களிலேயே செய்துவைக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

குடிவந்த முதல் வாரம்: ஒரு தாள்

சாமான்களைப் பிரித்து அடுக்கியதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்காருங்கள். உங்கள் பெயர், வயது, ரத்த வகை, இருக்கும் நோய்கள், ஒவ்வாத மருந்துகள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளில் யாரை முதலில் கூப்பிட வேண்டும், அவர் வெளிநாட்டில் இருந்தால் உள்ளூரில் முடிவெடுக்கக்கூடியவர் யார் என்பதையும் சேருங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆதார் இரண்டின் நகல்களை அதோடு பின் செய்து ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டுங்கள். எல்லாம் செல்போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நினைவு தடுமாறும் நேரத்தில் அந்தப் போனின் பூட்டை யார் திறப்பது?

தாளின் கடைசியில் மூன்று எண்கள் வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் உங்கள் ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவை அவை. ஒரு வாரம் காலை மாலை அளந்தால் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். இந்த எண்கள் ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிட வேண்டும். மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான். நிலைமை மோசமானால் வென்டிலேட்டர் வேண்டுமா, எதுவரை சிகிச்சை வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு அனுமதி அளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். 2021-இல் பிள்ளைகள் விமானம் ஏற முடியாமல், நடு இரவில் வீடியோ அழைப்பில் இந்த முடிவுகளை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

இரண்டாம் வாரம்: ஒரு துணை

உங்கள் மாடியிலேயே, அல்லது உங்கள் வரிசையிலேயே ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது போதாது. தொற்று வந்தால் இருவரும் ஒன்றாகவே படுத்துவிடுவார்கள்.

எங்கள் வரிசையில் நாங்கள் செய்வது இதுதான். காலை ஏழரை மணிக்குள் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டும் பேப்பரும் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் துணை வீட்டார் போன் செய்வார். இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை என்றால் கதவைத் தட்டுவார். அதற்கும் பதில் இல்லை என்றால் செக்யூரிட்டியிடம் இருக்கும் மாற்றுச் சாவியோடு நர்ஸ் உள்ளே போவார். சாவியைக் கொடுத்துவைக்கச் சிலர் தயங்குகிறார்கள். உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டுக் கொடுங்கள், திறந்தால் தெரிந்துவிடும். கதவின் உள்தாழ்ப்பாளையும் நினைவில் வையுங்கள். தாழ்ப்பாள் போட்டுவிட்டால் எந்தச் சாவியாலும் பயன் இல்லை.

மாலையில் ஐந்து நிமிடம் பேசுங்கள். அரட்டையாகவே இருக்கட்டும். நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று கிழமையைத் தப்பாகச் சொன்னால், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால், அது முதல் அடையாளமாக இருக்கலாம். தினமும் பேசுகிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும்.

வீட்டுக்குள் காற்று

தொற்று தொடங்கிய மாதங்களில் நாங்கள் காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். கை கழுவுவது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் இந்த நோய் முக்கியமாகப் பரவியது மூச்சுக்காற்றில்தான். பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் புகைபோலத் தங்குகின்றன. அதனால் உங்கள் வீட்டில் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்குக் கருவி வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னல்களைத் திறந்து, ஊதுபத்தியை ஏற்றி, அறையின் நடுவில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியே போனால் நல்லது. நேராக எழும்பிக் கூரையில் தேங்கி நின்றால் அந்த அறையில் காற்றோட்டம் இல்லை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து பாருங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் படுக்கையறைப் புகை நகரவே இல்லை. காரணம், கொசுவலையில் வருடக்கணக்காகப் படிந்த தூசி. கழற்றி அலசி மாட்டியதும் புகை ஓட ஆரம்பித்தது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைக்குக் கிடைத்த வரம். அதை ஜன்னலைச் சாத்தி வெளியே நிறுத்தாதீர்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. விருந்தினர் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு ஃபேனும் ஜன்னலுமாக இருங்கள்.

கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொற்றுக்காலத்தில் டெங்கு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை.

உணவுக்கூடமும் பஜனையும்

முகக்கவசத்தைக் கழற்றாமல் சாப்பிட முடியாது. அதனால் குடியிருப்பில் ஆபத்து அதிகமான இடம் உணவுக்கூடம். தொற்று பரவுகிற செய்தி வந்ததும், நிர்வாகம் சொல்லும்வரை காத்திருக்காமல் கேரியர் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். கூடத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கூட்டம் வருவதற்கு முன் போங்கள், ஜன்னலோரம் உட்காருங்கள், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். பேச்சைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பஜனை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தச் சொன்னபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒன்று பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர், பயிற்சி இரண்டரை மணி நேரம். ஒருவருக்கு மட்டும் சளி போல இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். வாய்விட்டுப் பாடும்போது மூச்சு ஆழமாகப் போய் வருகிறது, துளிகளும் அதிகம் வெளிவருகின்றன. எங்கள் சனிக்கிழமை பஜனையும் இதே மாதிரிதான்: மூடிய ஹால், நெருக்கமாகப் போட்ட ஜமுக்காளம், ஒன்றரை மணி நேரம். பிறகு அதைப் புல்வெளிக்கு மாற்றினோம். ஆளுக்கு ஒரு நாற்காலி, நடுவே இரண்டு கைகள் நீட்டும் இடைவெளி. சுருதிப்பெட்டி சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒரு ஸ்பீக்கர் வாங்கினோம். மழை வந்தால் கலைந்துவிடுவோம். இன்றுவரை அப்படியே நடக்கிறது.

லிஃப்ட்டில் ஒருவர் போனபின் அடுத்தவர் போகலாம். முழங்கால் இடம் கொடுத்தால் இறங்கும்போது படிக்கட்டு நல்லது. கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள், பிறகு கை கழுவிக்கொள்ளலாம். கிருமிக்குப் பயந்து பிடிமானம் இல்லாமல் இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

முகக்கவசத்தில் மூக்குக் கம்பியை அழுத்திவிடுவது முக்கியம். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். காதுக்கருவி அணிகிறவர்கள் தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை உள்ள கவசத்தை வாங்குங்கள். காதில் மாட்டும் வகையைக் கழற்றும்போது கருவியும் தெறித்து விழும். இப்படி ஒரு கருவியைப் பூங்காவில் மூன்று பேர் அரை மணி நேரம் குனிந்து தேடியிருக்கிறோம். காது மந்தமானவர்கள் பலர் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். கவசத்தோடு அவர்களிடம் மெதுவாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் எழுதிக் காட்டுங்கள்.

சானிடைசர் தடவிய கையோடு சுவாமி விளக்கை ஏற்ற வேண்டாம். அது எரியும் சாராயம். கை நன்றாக உலர்ந்த பிறகு, அல்லது சோப்பில் கழுவிய பிறகு ஏற்றுங்கள்.

வேலைக்கு வருகிறவர்கள்

நாம் வெளியே போகாவிட்டாலும் நமக்காக வெளியிலிருந்து தினமும் வருகிறவர்கள் உண்டு: சமையல், துப்புரவு, செக்யூரிட்டி, நர்ஸ், பராமரிப்பாளர். தொற்று வந்ததும் சில குடியிருப்பாளர்கள் அவர்களைக் குற்றவாளிபோலப் பார்த்தார்கள், அது மிகப் பெரிய தவறு. நாமெல்லாம் அறைக்குள் இருந்தபோது அவர்கள்தான் பஸ் இல்லாத நாட்களில் சைக்கிளில் வந்து அடுப்பு பற்றவைத்தார்கள்.

2020-இல் சியாட்டில் அருகே முதியோர் இல்லங்களில் நோய் பரவியதை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் ஆராய்ந்தபோது தெரிந்த காரணங்களில் இரண்டு: ஊழியர்கள் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். ஏன் வருகிறார்கள்? லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால்தான். ஆகவே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா?" என்பது. இல்லை என்றால் கொடுக்கச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் மாதம் சிறு தொகை கூடினாலும் கூடட்டும். சமையல் பெண் பயமில்லாமல் "இன்று தொண்டை வலிக்கிறது, வரவில்லை" என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் நாம் நிம்மதியாகச் சாப்பிட முடியும். தடுப்பூசி, நல்ல முகக்கவசம், காற்றோட்டமான ஓய்வறை ஆகியவற்றையும் அவர்களுக்காகக் கேளுங்கள்.

தடுப்பூசி

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி 2021 மார்ச் 1-இல் தொடங்கியது. வேறு நோய்களும் உள்ள மூத்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் 2022 ஜனவரி 10 முதல் போடப்பட்டது. நீங்கள் எத்தனை டோஸ் போட்டீர்கள், கடைசியாக எப்போது என்று ஃப்ரிட்ஜ் தாளில் குறித்துவையுங்கள். ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். நிமோனியா ஊசி, அக்கி ஊசி இரண்டையும் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வயதானால் ஊசிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. அதனால் பக்கத்து வீட்டாரும் ஊழியர்களும் போட்டுக்கொள்வது நமக்கும் காப்பு.

தடுப்பூசிப் பதிவு என்று சொல்லி போனில் ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள். பூஸ்டர் டோஸ் பெயரைச் சொல்லி அப்படிப் பணம் பறித்தவர்கள் உண்டு.

உடம்பு எப்படிச் சொல்லும்

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வருகிறேன். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் தெளிவாகத் தெரியாமல் போகலாம். வழக்கமாக 97 டிகிரி உள்ளவருக்கு 99 என்பதே காய்ச்சல்தான். உங்கள் வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஏறினால் சும்மா விடாதீர்கள். பசி போவது, காரணமில்லாமல் விழுவது, பகலெல்லாம் தூங்குவது, பேச்சில் குழப்பம், திடீரெனச் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது ஆகியவை இருமலுக்கு முன்பே வரலாம். எதிர்வீட்டு அம்மாவுக்குத் திரும்பி வந்த கேரியர்தான் அடையாளம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் அளவு தப்பாக வரலாம். கை சில்லென்று இருந்தாலும் அப்படித்தான். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். 90-க்குக் கீழே என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும். அவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டாலும் மீட்டர் என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இரண்டையும் போனில் சேமிப்பதோடு பெரிய எழுத்தில் சுவரிலும் ஒட்டுங்கள்.

தொற்று உறுதியானால்

முதல் வேலை, டாக்டரிடம் மருந்துத் தாளைக் காட்டுவது. கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை முதல் 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும், ஃப்ளூ மாத்திரையை முடிந்தால் 48 மணி நேரத்துக்குள். "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். அவற்றில் சில, கொழுப்பு மாத்திரையோடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடும் ஒத்துப்போகாது. அதற்காகத்தான் அந்தச் சிவப்பு மை.

வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு சாப்பிடாதீர்கள். டெக்ஸாமெதசோன் உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் பலன் கிடைத்தது ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு, தேவைப்படாதவர்களுக்கு இல்லை. 2021-இல் கறுப்புப் பூஞ்சை நோய் தாக்கியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், பலர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். கபசுரக் குடிநீர் குடிப்பது உங்கள் விருப்பம். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், வைரஸைக் கொல்லாது. நடுங்கும் கையோடு கொதிநீர்ப் பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம்.

வீட்டிலேயே தனித்திருக்க வேண்டியிருந்தால், ஜன்னலும் தனிக் குளியலறையும் உள்ள அறையில் இருங்கள். உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். கட்டிலில் படுத்தபடி எட்டும் தூரத்தில் தண்ணீர், போன், சார்ஜர், டார்ச், கைத்தடி. குளியலறை விளக்கு இரவெல்லாம் எரியட்டும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை ஆக்ஸிஜன் அளவை எழுதி, துணை வீட்டாருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். கேரியரில் எவ்வளவு மீந்தது என்பதையும் சொல்லுங்கள். எங்கள் சமையலறையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. எந்த வீட்டுக் கேரியர் நிறையத் திரும்பி வந்தாலும் கதவு எண்ணை அந்தப் பெண்களே எழுதி, நர்ஸிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நினைவிழப்பு நோய் உள்ளவரைத் தனி அறையில் அடைத்தால் பயந்துபோவார், கவசத்தையும் கழற்றி எறிவார். கட்டாயப்படுத்த வேண்டாம். பழகிய ஒரே பராமரிப்பாளர் நல்ல கவசம் அணிந்து கூடவே இருக்கட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அவருக்குப் பிடித்த பழைய பாட்டு மெல்ல ஓடட்டும்.

எழுந்து நடமாடும்போது

பத்து நாள் படுத்து எழுந்தால் தொடைச் சதை கரைந்திருக்கும். நான் நோயிலிருந்து மீண்ட முதல் வாரம் அறைக்குள்ளேயே நடந்தேன், சுவரைத் தொட்டபடி. இரண்டாம் வாரம் வராந்தா. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை செய்தேன். முட்டை, பயறு, சுண்டல், பால் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை வெயிலில் சிறிது நேரம் உட்காருங்கள்.

திரும்பி வருகிறவரிடம் யாரும் ஒதுங்கி நிற்கக் கூடாது. தனிமைக் காலம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபின் அவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. எதிர்வீட்டு அம்மா மருத்துவமனையிலிருந்து வந்து, தனிமை நாட்களும் முடிந்தபின், அவர் வாசலில் ஒரு நாற்காலி போட்டோம். தினமும் நாலு மணிக்கு அதில் வந்து உட்காருவார். எங்கள் வாசலில் நான். நடுவே ஆறடி வராந்தா. கேரியர் கொண்டுவரும் பெண் அன்றைக்கு என்ன குழம்பு என்று இருவருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிட்டுப் போவாள்.